மறு: சிதைவுத் துகளா, உதிர்மணியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

'detrital zircon' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சிர்கான் ஒரு கடினமான கனிமம்; தாய்ப்பாறை உடைந்தபின் அடித்துவரப்பட்டு வேறு கல்லில் தங்கிய அதன் மணிகளைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். மணற்கல்லுக்குள் கிடக்கும் சிர்கான் மணிகளைக் குறிக்க 'சிதைவுத் துகள்' போதும் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தச் சொல்லால் பொருளே மாறிப்போகிறது.

ஒரு கிரானைட் மலையை எடுத்துக்கொள்வோம். வெயிலும் மழையும் பட்டு அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிவிடும். சிதைந்தது அதுதான். பக்கத்திலேயே இருந்த சிர்கானுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆறு அதை உருட்டிக்கொண்டு போய்க் கடலோரத்தில் போடும். மேலே மணல் ஏறி, இறுகி, கல்லாகும். அந்தக் கல்லே பின்னால் மலையாக எழுந்து உடைந்தாலும் சிர்கான் பழையபடி வெளியே வரும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு மணிக்கு வயது 440 கோடி ஆண்டு. அது பதிந்திருந்த கூழாங்கல் பாறை படிந்தது சுமார் 300 கோடி ஆண்டுக்கு முன்புதான். அந்த மணியைப் பெற்ற தாய்ப்பாறை இன்று எங்கும் கிடைக்கவில்லை, மணி மட்டும் இருக்கிறது. அதற்கா 'சிதைவு' என்று பெயர் வைப்பது?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிர்கான் மணியின் வயதைக் கணிக்கிற ஆய்வு நிற்பதே யுரேனியத்தின் கதிரியக்கச் சிதைவின் மேல். பள்ளிப் புத்தகத்தில் 'துகள்' என்றதும் ஆல்பா துகள்தான் நினைவுக்கு வரும். 'சிதைவுத் துகளின் வயது' என்று ஒரு கட்டுரையில் எழுதினால் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை அதை இயற்பியல் பாடம் என்றே நினைக்கும்.

அதனால்தான் 'உதிர்மணி' என்கிறேன். கதிரிலிருந்து நெல்மணி உதிர்கிறது. கதிர் வைக்கோலாகப் போகும், மணி முழுசாகக் களத்தில் கிடக்கும். பாறைக்கும் சிர்கானுக்கும் நடப்பது இதுவேதான். தமிழில் மணி என்றால் தானியம், ரத்தினம், நேரம் மூன்றும் உண்டு. காலத்தைச் சொல்லும் ஒரு கனிமத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

சிர்கான் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கோமேதகம் என்று மாற்றச் சொன்னவருக்கு: நகைக்கடையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் கார்னெட் வகைக் கல், குழப்பம்தான் வரும். மணவாளக்குறிச்சித் தாது மணலைப் பற்றி நம் செய்தித்தாள்கள் எழுதும்போதும் சிர்கான் என்றே எழுதுகின்றன.

மணிகளைப் பிரிக்கிற வேலையைப் பார்த்தால் நம் சமையலறைச் சொற்களே போதும் என்று தெரியும். சில கிலோ மணற்கல்லை இடித்து, சலித்து, தண்ணீரில் அரிப்பார்கள். அரிசியில் கல் அரிக்கிற அதே முறை, ஆனால் இங்கே வேண்டியது அடியில் தங்குவது. அப்புறம் அடர்த்தி 3.3 உள்ள மெத்திலீன் அயோடைடு என்ற கனமான திரவத்தில் போட்டால் 2.65 அடர்த்தியுள்ள குவார்ட்ஸ் மிதக்கும், 4.6 அளவுள்ள சிர்கான் மூழ்கும். காந்தத்தைக் காட்டிக் கார்னெட் போன்றவற்றை விலக்குவார்கள். மிச்சமிருப்பது ஒரு சிட்டிகை. ஒவ்வொரு மணியும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது பல நேரம். அதைப் பிசினில் பதித்து, பாதி வரை தேய்த்து, சுமார் 30 மைக்ரான் அகலத்துக்கு லேசரால் ஒரு குழி போட்டு, யுரேனியமும் ஈயமும் எவ்வளவு என்று அளப்பார்கள். சிர்கான் படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அநேகமாக விடாது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயமெல்லாம் பிறகு யுரேனியத்திலிருந்து வந்தது என்று கணக்கிடலாம். ஒரு கல்லுக்கு நூறு மணிக்கு மேல் இப்படிப் பார்க்கிறார்கள்.

இங்கேதான் சென்ற மடலில் ஆசிரியர் அம்மா கேட்ட நல்ல கேள்வி வருகிறது. 'உதிர்மணி வயது' என்றால் உதிர்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று படிக்க மாட்டார்களா? படிப்பார்கள். அதனால் 'வயது' என்று மொட்டையாக விடாமல் 'பிறந்த வயது' (படிகமான காலம்), 'படிந்த வயது' (மணல் அடுக்காகத் தங்கிய காலம்) என்று இரண்டாகப் பிரித்து எழுதுவோம். நடுவில் உதிர்ந்த காலம் எது என்று இந்த அளவீடு சொல்லாது. ஒரே மணி இரண்டு மூன்று மணற்கற்களில் தங்கி, மறுபடி உதிர்ந்து வந்திருக்கலாம்.

இந்த இரண்டு வயதுக்கும் உள்ள இடைவெளிதான் பழைய கண்ட விளிம்புகளை அடையாளம் காட்டுகிறது. நிலவியலாளர்கள் பீட்டர் கவூட், கிறிஸ் ஹாக்ஸ்வொர்த், புருனோ துயீம் மூவரும் 2012இல் இதைத் தெளிவாக வைத்தார்கள். கடல்தட்டு (கடலடியில் உள்ள புவித்தட்டு) கண்டத்துக்கு அடியில் இறங்கும் விளிம்பில் எரிமலைகள் புதுச் சிர்கானைத் தந்துகொண்டே இருக்கும், ஆகவே அங்குள்ள மணலில் நிறைய மணிகள் படிந்த காலத்துக்குச் சற்று முன்பு பிறந்தவை. கண்டம் பிளந்து உருவான அமைதியான விளிம்பில் பழைய மணிகளே வந்து சேரும், இளைய மணிக்கும் படிந்த வயதுக்கும் நடுவே 15 கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு தென் திபெத்தின் சாங்டான்லின். அங்கே கீழ் அடுக்கில் குவார்ட்ஸ் நிறைந்த மணற்கல். அதன் உதிர்மணிகளில் பெரும்பாலானவை 50 கோடி ஆண்டுக்கு முன்போ அதற்கும் முன்போ பிறந்தவை. அது இந்தியாவின் வடக்கு விளிம்பிலிருந்து வந்த மணல். மேலே ஏறினால் எரிமலைத் துண்டுகள் கலந்த மணற்கல், 10 கோடி ஆண்டுக்கும் குறைந்த இளைய மணிகள். அவை வடக்கே ஆசிய விளிம்பில் இருந்த காங்டீஸ் எரிமலைத் தொடரிலிருந்து வந்தவை. ஆசியாவின் மணல் இந்தியாவின் விளிம்பில் வந்து கொட்ட வேண்டுமானால் நடுவில் இருந்த கடல்தட்டு அதற்குள் ஆசியாவுக்கு அடியில் இறங்கி முடிந்திருக்க வேண்டும். இரண்டு கண்டமும் முதலில் தொட்டது சுமார் 6 கோடி ஆண்டுக்கு முன்பு என்று பலர் சொல்வது இந்த அடுக்கு மாற்றத்தை வைத்துத்தான். அடுக்கு ஏற ஏற மணல் ஊர் மாறுகிறது!

மணல் எங்கிருந்து வந்ததோ அந்த 'ஊர்' என்பதற்குத்தான் இன்னும் சொல் பாக்கி. ஒருவர் 'மணல்மூலம்' என்றார். நதிமூலம் என்ற சொல்லின் நினைவு வருவதால் எனக்கும் ஆசைதான். ஆனால் 'மணல்மூலம் அறியலாம்' என்று எழுதினால் மணலைக் கொண்டு அறியலாம் என்றாகிவிடும். தாய்ப்பாறை ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் இருப்பதால், பாறை இருந்த நிலப்பகுதிக்குத் 'தாய்நிலம்' என்று வைக்கலாமா? தாய்நாடு என்று படித்துவிடுவார்களோ என்ற தயக்கம் எனக்கும் உண்டு.

சொல்லைத் தனியாக ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று எழுதாமல் ஆளுக்கொரு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள். என்னுடையது இது: 'சாங்டான்லின் மேலடுக்கின் உதிர்மணிகளுக்குத் தாய்நிலம் ஆசிய விளிம்பு.'