கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் எந்த வரிசையில் நிற்பது?

குழு: பாளை (பாளையங்கோட்டை) வீடு

வியாழக்கிழமை

[இரவு 7:40] அண்ணன்: நாளை இரவு பத்தேகாலுக்குத் திருவனந்தபுரத்தில் இறங்குகிறோம். கார் சொல்லியாயிற்றா?

[7:42] நான்: சொல்லியாயிற்று. எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்று டிரைவர் கேட்கிறார். பார்க்கிங் கட்டணம் ஏறிவிடும் என்று அவருக்குக் கவலை.

[7:45] அண்ணன்: அதைத்தான் சொல்லத் தெரியவில்லை. என்னுடையது இந்தியப் பாஸ்போர்ட், உன் மதினியுடையது மலேசியப் பாஸ்போர்ட். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் சேர்ந்து வருகிறோம். குடிநுழைவில் ஒரே வரிசையில் விடுவார்களா, பிரித்துவிடுவார்களா?

[7:46] அத்தை: இது என்ன அநியாயம்! கட்டியவளை நடுவழியில் விட்டுவிட்டு இவன் மட்டும் எப்படித் தனியாகப் போவான்? கேட்டால் கல்யாணப் படத்தைக் காட்டுங்கள்.

[7:51] அக்கா: அத்தை, அங்கே கல்யாண ஆல்பத்தை யாரும் புரட்டுவதில்லை. ஆளாளுக்கு அவரவர் பாஸ்போர்ட்தான். தம்பி, அவளிடம் ஓசிஐ, அதாவது கடல்கடந்த இந்தியக் குடியுரிமை அட்டை இருக்கிறதா?

[7:52] அண்ணன்: இல்லை. இ-விசாவில்தான் வருகிறாள்.

[7:56] அக்கா: அப்படியானால் இந்தியர் வரிசைக்கு அவளை இழுத்துக்கொண்டு போகாதே. அரைமணி நேரம் நின்று முன்னால் போன பிறகு, "இது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு" என்று திருப்பி விடுவார்கள். மறுபடியும் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். அவளை அழைத்துக்கொண்டு நீ அந்தப் பக்கம் போகாமல், நீ அவளோடு வெளிநாட்டவர் பக்கம் போய் நில். வரிசையை ஒழுங்குபடுத்த நிற்கிறவரிடம், "கணவன் மனைவி, சேர்ந்து போகலாமா?" என்று முதலிலேயே கேட்டுவிடு. பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

[7:58] அத்தான்: மாப்பிள்ளை, இதில் நான் மாறுபடுகிறேன். இரண்டு பேரும் மெதுவான வரிசையில் நிற்பதால் யாருக்கு லாபம்? இ-விசாவில் வருகிறவர்களுக்கு அங்கேயே விரல்ரேகை எடுப்பார்கள், முகத்தைப் படம் பிடிப்பார்கள். நேரம் ஆகும். நீ இந்தியர் வரிசையில் முன்னால் போய்ப் பெட்டிகளை எடுத்து வை. அவள் வந்ததும் கிளம்பிவிடலாம்.

[7:59] அக்கா: பெட்டி எடுத்து வைத்த கதையைச் சொல்லட்டுமா?

[7:59] அத்தான்: வேண்டாம்.

[8:07] அக்கா: சொல்கிறேன். போன தடவை சென்னையில் இறங்கினோம். இவருக்கு இந்தியப் பாஸ்போர்ட், எனக்கும் பிள்ளைகளுக்கும் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட், கூடவே ஓசிஐ. இவர் விரைவு வாயில் திட்டத்தில் ஏற்கனவே பதிந்து வைத்திருந்தார். பாஸ்போர்ட்டைக் காட்டினார், கதவு திறந்தது, மகாராஜா போய்விட்டார். எங்கள் மூன்று பேருடைய ஓசிஐ அட்டைகளும் இவர் தோளில் தொங்கிய பையில்! கவுண்டரில் அட்டை எங்கே என்று கேட்கிறார்கள். இவரோ கண்ணாடிக்கு அந்தப்புறம் பெட்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கைப்பேசியை எடுக்கக் கூடாத இடம். ஓர் ஊழியர் இரக்கப்பட்டு உள்ளே போய் இவரைத் தேடிப் பிடித்து அட்டைகளை வாங்கி வந்தார்.

[8:09] அத்தான்: பெட்டி நான்தான் முதலில் எடுத்தேன் என்பதையும் சேர்த்து எழுது.

[8:10] அம்மா: அந்தப் பிள்ளையைத் தனியாக நிறுத்த வேண்டாம். நேரமானால் ஆகட்டும். இட்லி அவித்து வைத்திருப்பேன்.

[8:15] மதினி: எனக்குப் பயம் எதுவும் இல்லை, அத்தை. கோலாலம்பூரில் இறங்கும்போது நான் தானியங்கி வாயிலில் போய்விடுவேன், உங்கள் மகன்தான் பின்னால் திண்டாடிக்கொண்டு வருவார். குடிநுழைவில் இந்த முறை அவர் எனக்காக நிற்கட்டும். கணக்குச் சரியாகிவிடும்.

[8:16] நான்: மதினி சொன்னது நியாயம்.

[8:18] அத்தை: (குரல் செய்தி, 1:52)

[8:21] பெரியப்பா: தங்கச்சி, குரல் செய்தி அனுப்பாதே, எழுது. கண்ணாடி போட்டால் படித்துவிடுகிறேன், காதுக்குத்தான் மிஷின் வேண்டியிருக்கிறது.

[8:27] அத்தை: அவளுக்கும் ஓர் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்டேன். நம் வீட்டு மருமகள்தானே? இன்னும் ஒன்றும் கேட்டேன். ஆற்றங்கரை வயல் விலைக்கு வருகிறது, அவள் பெயரில் வாங்கினால் என்ன?

[8:41] பெரியப்பா: இரண்டும் நடக்காது. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். மலேசியாவும் இரண்டு வைத்துக்கொள்ள விடுவதில்லை. அதற்குப் பதிலாக நம் அரசு கொடுப்பதுதான் ஓசிஐ. பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்கவும் முடியாது. ஆகவே தாமிரபரணிக் கரையில் மருமகள் பெயரில் வயல் என்ற ஆசையை விட்டுவிடு. மாடி வீடு வேண்டுமானால் வாங்கலாம்.

[8:43] அத்தை: மாடி வீட்டில் நெல் விளையுமா?

[8:49] பெரியப்பா: அந்த ஓசிஐ கூட உடனே கிடைக்காது. இந்தியரைக் கல்யாணம் செய்த வெளிநாட்டவருக்கு, பதிவு செய்த திருமணம் தொடர்ந்து இரண்டு வருடமாவது நிலைத்திருக்க வேண்டும். பிறகுதான் விண்ணப்பம். தம்பி, கல்யாணத்தைப் பதிவு செய்தாயா? தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம்.

[8:50] அண்ணன்: செய்தாயிற்று பெரியப்பா. சான்றிதழ் அம்மாவின் பீரோவில் இருக்கிறது.

[8:51] பெரியப்பா: பீரோவில் இருந்து என்ன பயன்? ஒரு நகல் உங்கள் இருவர் கையிலும் இருக்க வேண்டும். தம்பி, இன்றே படம் எடுத்து அனுப்பு.

[8:53] நான்: இதோ. (படம்)

[9:02] சித்தப்பா மகள், ஜெர்மனி: இப்போதுதான் பார்த்தேன். எங்களுக்கும் இதே பஞ்சாயத்துதான். அவருக்கு ஜெர்மன் பாஸ்போர்ட், எனக்கு இந்தியப் பாஸ்போர்ட். டெல்லியிலிருந்து நேராகப் பாரிஸில் இறங்கினோம். நான் மற்ற நாட்டவர் வரிசையைப் பார்த்து நடந்தேன், அவர் கையைப் பிடித்து ஐரோப்பியர் வரிசைக்கு இழுத்துப் போனார். அங்கே அது சட்டப்படியே உரிமையாம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் இன்னோர் உறுப்பு நாட்டுக்குப் போகும்போது, கூட வரும் மனைவி எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும் அந்த வரிசையிலேயே நிற்கலாம்.

[9:03] அத்தை: பார்த்தாயா! வெள்ளைக்காரனுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை.

[9:06] சித்தப்பா மகள், ஜெர்மனி: முழுதும் கேளுங்கள் அத்தை. அவர் தன் சொந்த நாடான ஜெர்மனியில் இறங்கும்போது அந்த உரிமைச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. பாரிஸில் அதிகாரமாக நடந்த மனிதர் பிராங்பர்ட்டில் பவ்வியமாகக் கேட்டுத்தான் என்னை அழைத்துப் போகிறார்.

[9:08] அத்தான்: நீயும் ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கிவிடேன்.

[9:10] சித்தப்பா மகள், ஜெர்மனி: 2024 ஜூனிலிருந்து ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை விடுகிறது. விடாதது நம் நாடுதான். வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறார்.

[9:14] பெரியப்பா: திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒருவருக்கு மட்டும் எந்த வரிசையும் கிடையாது. வருடத்துக்கு இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப சுவாமி கடலில் நீராட ஆறாட்டுக்குப் போகும்போது ஊர்வலம் ஓடுபாதை வழியாகத்தான் போகும். விமானங்களை எல்லாம் நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

[9:15] அக்கா: பெரியப்பா, பேச்சை மாற்றாதீர்கள். தம்பி, அவள் இ-அரைவல் கார்டு நிரப்பினாளா?

[9:17] அண்ணன்: அது என்ன? எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே.

[9:22] அக்கா: உனக்குக் கேட்காது. இந்தியர்களுக்கு வருகைச் சீட்டை 2014இலேயே எடுத்துவிட்டார்கள். அதனால்தான் உன்னைப் போன்ற கணவன்மார்களுக்கு இது நினைவுக்கே வருவதில்லை. விசாவில் வரும் வெளிநாட்டவருக்கு 2025 அக்டோபர் முதல் காகிதச் சீட்டுக்குப் பதிலாக இணையத்தில் நிரப்பும் சீட்டு. இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் வந்தால் அது போலி. இன்றிரவே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

[9:24] மதினி: நேற்றே நிரப்பிவிட்டேன் அக்கா. இவரிடம் சொன்னேன், "சரி சரி" என்றார்.

[9:24] அத்தான்: மாப்பிள்ளை மாட்டிக்கொண்டான்.

[9:31] அக்கா: நல்ல பிள்ளை. இன்னும் ஒன்றுதான். உன் பாஸ்போர்ட், விசாத் தாள், திரும்பும் டிக்கெட், பாளை முகவரி, இங்கே ஒருவர் தொலைபேசி எண், திருமணச் சான்றிதழ் நகல் எல்லாம் உன் கைப்பையிலேயே இருக்கட்டும். முகவரியைத் தாளில் எழுதி வை, கைப்பேசியை நம்பாதே. கேள்வி உன்னைத்தான் கேட்பார்கள். பக்கத்தில் நிற்கிற கணவன் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அதிகாரிகளுக்குப் பிடிக்காது. தம்பி, இது உனக்கு.

[9:33] பெரியப்பா: என் எண்ணையே கொடுங்கள். எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

[9:34] அம்மா: மிஷின் இல்லாமல் எடுத்து என்ன கேட்கும் உங்களுக்கு? தம்பி எண்ணைக் கொடு.

வெள்ளிக்கிழமை

[இரவு 10:21] அண்ணன்: இறங்கிவிட்டோம்.

[10:22] நான்: டிரைவர் வெளியே நிற்கிறார்.

[10:50] அத்தை: என்ன ஆயிற்று? ஒரு சத்தத்தையும் காணோம்.

[10:52] அக்கா: உள்ளே கைப்பேசியை எடுக்கக் கூடாது அத்தை. இன்னொரு விமானமும் கூடவே இறங்கியிருந்தால் நேரமாகும்.

[11:20] அத்தை: இப்போது?

[11:38] அண்ணன்: வெளியே வந்துவிட்டோம். சேர்ந்துதான் நின்றோம். அக்கா சொன்னபடி முதலிலேயே கேட்டேன், "போங்கள்" என்று கையைக் காட்டிவிட்டார். என் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. அவளுக்குத்தான் விரல்ரேகை விழவே இல்லை.

[11:39] அம்மா: ஏன்? உடம்புக்கு என்ன?

[11:41] மதினி: மருதாணி, அத்தை. கொடைக்கு என்று விரல் நுனி முழுதும் அழுத்தமாக வைத்துக்கொண்டு வந்தேன். இயந்திரம் திரும்பத் திரும்ப மறுத்தது. அந்த அம்மா ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி மறுபடி எடுத்தார்கள். "எந்தக் கோயில் கொடை?" என்று கேட்டார்கள். சுடலைமாடன் கோயில், பாளை பக்கம் என்றேன். முகவரித் தாளைக் காட்டினேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

[11:43] அத்தான்: பெட்டி?

[11:44] அண்ணன்: எங்கள் பெட்டிகள் மட்டும் வளையத்தில் சுற்றிக்கொண்டிருந்தன, அத்தான். ஒருவரும் திருடவில்லை.

[11:47] அத்தை: வள்ளியூர் வழியாகத்தானே வருகிறீர்கள்? எத்தனை மணியானாலும் வீட்டில் இறங்கி ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போங்கள். விளக்கைப் போட்டு வைத்திருப்பேன்.

[11:50] அண்ணன்: சரி அத்தை. அம்மா, ஆவணியில் நீங்கள் எங்களோடு கோலாலம்பூர் வரும்போது இதே கதைதான் திரும்பும். இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் அங்கேயும் இணையத்தில் வருகைச் சீட்டு நிரப்ப வேண்டும். நான் உங்களோடு நிற்பேன், அவள் முன்னால் போய்ப் பெட்டி எடுப்பாள்.

[11:51] அத்தான்: இந்தத் திட்டத்தை நேற்று நான் சொன்னபோது யாருக்கும் பிடிக்கவில்லை.

[11:53] அத்தை: எனக்கும் மலேசியா பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் எங்கே எடுக்க வேண்டும்?

[11:54] நான்: திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது அத்தை. நான் அழைத்துப் போகிறேன்.

[11:57] பெரியப்பா: ஆதாரில் அவளுக்கு ஒரு வயது, ரேஷன் அட்டையில் இன்னொரு வயது. முதலில் அதைச் சரிசெய்யச் சொல்.

[11:58] அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[11:59] அத்தை: இரண்டில் குறைந்த வயதையே போடச் சொல்லுங்கள்.