மறுமொழி: பட்டை ரம்பத்தின் ‘டிரிஃப்ட்’: ‘பக்க இழுப்பு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பட்டை ரம்பம் என்பது இரண்டு சக்கரங்கள்மேல் வளையமாக ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம். அதன் பிளேடு தானாக ஒரு பக்கம் போவதைக் குறிக்கும் ‘டிரிஃப்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு, ‘விலகல்’, ‘நகர்வு’, ‘பிறழ்வு’ என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் படிக்கிறவர் மரத்தைத் தள்ளியவரின் கைதான் தவறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அதனால் ‘பக்க இழுப்பு’ என்பதை முன்வைக்கிறேன். சைக்கிளோ காரோ நேரே போகாவிட்டால் ‘வண்டி ஒரு பக்கமா இழுக்குது’ என்கிறோம் அல்லவா, அதே இழுப்புதான் இது.

பலகையை ஃபென்ஸோடு (மேசைமேல் பலகைக்கு வழிகாட்டும் நேர்ச்சட்டம்) ஒட்டி நேராகத் தள்ளினாலும் சில பிளேடுகள் கோட்டை விட்டு ஒரே பக்கமாகப் போகும். பற்களின் விரிப்பு, அதாவது அவை பக்கவாட்டில் வளைக்கப்பட்டிருக்கும் அளவு, ஒரு பக்கம் கூடுதலாக இருக்கலாம். அல்லது ஒரு பக்கப் பற்கள் மட்டும் மழுங்கியிருக்கலாம். அப்போது கூரான பக்கம் மரத்தை அதிகம் தின்ன, பிளேடு அங்கே சாயும். சக்கரமும் ஒரு காரணம். அதன் மேலுள்ள ரப்பர் பட்டை பல இயந்திரங்களில் நடுவில் சற்று மேடாக இருக்கும். அந்த மேட்டின் மேல் பிளேடு முன்னோ பின்னோ தள்ளி ஓடினால் அது மரத்தைப் பார்க்கும் கோணமே மாறிவிடும்.

‘பக்க இழுப்புக் கோணம்’ என்ற சொல்லும் இதிலிருந்தே கிடைக்கிறது. அதை அளப்பது எளிது. ஒரு விளிம்பு நேராக உள்ள கழிவுப் பலகையில், அந்த விளிம்புக்கு இணையாகக் கோடு போடுங்கள். ஃபென்ஸை எடுத்துவிட்டு, கோட்டை விடாமல் வெறும் கையால் அறுத்துக்கொண்டே போங்கள். பாதி தூரம் வந்ததும் பலகை தானாக ஒரு கோணத்தில் நிலைகொண்டிருக்கும். அதை அசையாமல் பிடித்தபடி சுவிட்சை அணைத்து, பிளேடு முழுவதும் நிற்கும்வரை காத்திருங்கள். (அணைத்த பிறகும் அது சற்று நேரம் ஓடும், சத்தம் குறைந்ததும் கையை நீட்டுகிறவர்கள் உண்டு.) அப்புறம் பலகையின் விளிம்பை ஒட்டி மேசைமேல் பென்சில் கோடு போட்டு, ஃபென்ஸை அதற்கு இணையாக வைக்கலாம்.

இதைச் செய்யாமல் தள்ளினால் மரம் ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே இறுகலாம். அப்போது ஆள் இன்னும் பலம் கொடுப்பார். அறுப்பு முடிகிற இடத்தில் தடை சட்டென்று விட்டுப்போக, கை பிளேடை நோக்கிப் பாயும். கடைசிப் பகுதிக்குத் தள்ளுகட்டை வேண்டும் என்பது இதனால்தான். பிளேடு இழுக்கிறது என்று சொல்லிலேயே தெரிந்தால், பழகுகிறவர் பலத்தைக் கூட்டாமல் பல்லையும் சக்கரத்தையும் போய்ப் பார்ப்பார்.

‘இழுப்பு என்றால் டென்ஷனோடு குழம்பாதா?’ என்ற கேள்வி நியாயமானது. பிளேடு சக்கரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் இறுக்கமான டென்ஷனுக்கு ‘விறைப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். பிளேடின் விறைப்பு குறைந்தால் தடித்த மரத்தில் அறுப்பு நடுவில் வயிறு தள்ளும். அது வேறு கோளாறு, அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

பிளேடுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் பேரிங்குக்கு ‘முதுகுத் தாங்கி’ என்பது என் பரிந்துரை. பிளேடு சும்மா ஓடும்போது அது தொடக்கூடாது, மரம் அழுத்தும்போது மட்டும் தொடவேண்டும். இருபுறமும் இருப்பவை ‘பக்கத் தாங்கிகள்’. மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள், சொல் தொகுப்பில் சேர்க்கும் முன் பேசி முடித்துவிடலாம்.