கலைச்சொல் உதவி: வெள்ளிக்குள் இரண்டு சொல் வேண்டும்

மதுரையிலிருந்து, திங்கள் இரவு

மடற்குழுவினருக்கு வணக்கம். படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு குழுவுக்காகப் பதினாறு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, புரோக்னோசிஸ். இந்த நோய் இனி எப்படிப் போகும், எது தேறும், எது தேறாது, ஏறக்குறைய எவ்வளவு காலம் என்று மருத்துவர் சொல்வது. அகராதியில் 'முன்கணிப்பு' இருக்கிறது. இன்னொன்று, லிவிங் வில். நினைவு தப்பினால் வென்டிலேட்டர் வைக்கலாமா கூடாதா என்று முன்னாலேயே எழுதி வைப்பது. செய்தித்தாள்களில் 'வாழும் உயில்'. எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சென்னையிலிருந்து, மருத்துவர்

முன்கணிப்பு பழகிய சொல். அதையே போடுங்கள். புதுச்சொல் கண்டுபிடிக்கிற இடமா இது?

தேனியிலிருந்து, செவிலியர்

சார், மன்னிக்கணும். போன மாதம் ஒரு வீட்டில் பெரியவரின் மகனிடம் "டாக்டரோட கணிப்பு என்னன்னா" என்று ஆரம்பித்தேன். அவர் உள்ளே போய் ஜாதக நோட்டை எடுத்துவந்து, சனி எப்போது விலகுகிறது என்று விரலை வைத்துக் காட்டினார். அப்புறம் நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நாங்கள் எங்களுக்குள் 'நோய்ப்போக்கு' என்போம். அது ஆகுமா?

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா சொன்னது சரி. கணியன் என்றாலே சோதிடன்தான். ஆனால் நோய்ப்போக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நோயினது போக்கு என்று ஆறாம் வேற்றுமைத் தொகையாக விரிக்கிறீர்கள். நோயைப் போக்குவது என்று இரண்டாம் வேற்றுமையாக ஒருவர் விரித்தால்? பின்னதில் வல்லின ஒற்று மிகாது, 'நோய் போக்கு' என்றே நிற்கும் என்பீர்கள். உண்மைதான். படுத்திருப்பவர் ப் மிகுந்ததா என்று காது கொடுத்தா கேட்பார்? நோய் போய்விடும் என்றே நினைத்துக்கொள்வார்.

நமக்கு ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறதே. "உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்" (குறள் 949). பிணியளவு! பரிமேலழகர் அதற்குச் சாத்தியம் (தீர்வது), அசாத்தியம் (தீராதது), யாப்பியம் என்ற வேறுபாட்டையும், தொடக்கம், நடு, ஈறு என்ற பருவ வேறுபாட்டையும் சொல்கிறார். நீங்கள் கேட்கும் பொருள் அப்படியே இருக்கிறது. தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்பது யாப்பியம். யாத்தல் என்றால் கட்டுதல். கட்டி வைக்கப்பட்ட நோய். தூய தமிழ்.

கோவையிலிருந்து

ஐயா, யாப்பியம் வடமொழி 'யாப்ய'. ஆயுர்வேத நூல்களில் சாத்ய, அசாத்யவோடு சேர்ந்தே வரும். மற்ற இரண்டும் வடமொழியாக இருக்க நடுவில் ஒன்று மட்டும் தமிழாகிவிடுமா?

*(இதன் பிறகு யா என்ற வேர் பற்றிப் பதினொரு மடல்கள். யாக்கை, யாழ், யாமை வரை போய்விட்டது. தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன்: மட்டுறுத்துநர்)*

தேனியிலிருந்து

பிணியளவு படிக்க நன்றாக இருக்கிறது ஐயா. வீட்டில் சொன்னால் சுகர் அளவு, உப்பு அளவு மாதிரி ரத்தம் எடுத்துப் பார்ப்பது என்று நினைப்பார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தப் பேச்சு முதலில் வராண்டாவில் மகனிடம்தான் நடக்கும். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்பார். உள்ளே போனால் அந்த அம்மாவே கேட்பார். ஒருத்தர் என்னிடம் கேட்டது: "மல்லிக் கன்னு வச்சிருக்கேன், பூ பாத்துருவேனாம்மா?" சித்திரையில்தான் பூக்கும், அப்போது மார்கழி. நான், "கன்னுக்குத் தண்ணி ஊத்த யார்கிட்ட சொல்லி வச்சிருக்கீங்க?" என்றேன். அன்று மாலையே அந்த அம்மா தன் மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பேசிவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்காதே என்றதும் அப்போதுதான். எந்தச் சொல்லானாலும் அப்படி ஒரு பேச்சுக்கு இடம் விடுகிற மாதிரி இருக்கட்டும். 'நாள் குறிச்சுட்டாங்க', 'கெடு வச்சுட்டாங்க' போல முடித்துவிடக் கூடாது.

சென்னையிலிருந்து, மருத்துவர்

ஒப்புக்கொள்கிறேன். வராண்டாவில் நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து, வழக்கறிஞர்

இரண்டாவது சொல்லுக்கு வருவோம். உயில் என்பதே ஆங்கில 'வில்'தான், அதில் வாழும் என்ன, வாழாத என்ன? 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்த ஆவணத்தை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் போதும் என்றார்கள். கையேட்டில் இது கட்டாயம் வரணும். உயில் என்று மட்டும் போடாதீர்கள். சொத்து என்று நினைத்து மருமகன் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கட பக்கம் உயிலை 'விருப்பாவணம்' என்பம். முன்னாலே 'மருத்துவ' என்று சேர்த்தால் விளங்கும்தானே?

தஞ்சாவூரிலிருந்து

உண்ணாமல் இருந்து உயிர்விடும் 'வடக்கிருத்தல்' என்ற மரபும் எண்ணத்தக்கது. கோப்பெருஞ்சோழன்...

சென்னையிலிருந்து, மருத்துவர்

ஐயா, வேண்டவே வேண்டாம். அது சாவைத் தேடிப் போவது. இது பயனில்லாத கருவியை மறுப்பது. ஏற்கெனவே 'கருணைக்கொலை' என்று தலைப்புப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறார்கள்.

மதுரையிலிருந்து, வியாழன் நள்ளிரவு

எல்லோருக்கும் நன்றி. 'மருத்துவ விருப்பாவணம்' போட்டுவிட்டேன், எதிர்ப்பு இல்லை. முதல் சொல்லுக்கு 'நோயின் போக்கு' என்று பிரித்தே எழுதியிருக்கிறேன். நடுவில் 'இன்' நிற்பதால் நோயைப் போக்குவது என்று யாரும் விரிக்க முடியாது. ஏழு பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் களைப்பில்.

தஞ்சாவூரிலிருந்து, வெள்ளி காலை

நோயின் போக்கு என்பது சொற்றொடர், கலைச்சொல் அன்று. மறுபதிப்பில் பிணியளவைப் பரிசீலிக்கவும். யாப்பியம் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.