கிராம சபையில் ரோடு கேட்பதா, ஏலக்கூடம் கேட்பதா?

சாயல்குடி மாணவன்:
வணக்கம். ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மீனவர் ஊர் எங்களுடையது. விலக்கிலிருந்து கரை வரை சரள் ரோடுதான். மழை பெய்தால் பைக் கூடப் போகாது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒரே ஒரு கோரிக்கையை அழுத்திக் கேட்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். இளைஞர்கள் தார் ரோடு என்கிறோம். பெரியவர்கள் சிலர், "ரோடு வந்தால் வியாபாரி சீக்கிரம் வருவான், நமக்கு என்ன கூடப்போகிறது? ஏலக்கூடம் கேளுங்கள்" என்கிறார்கள். ரோடு வந்த ஊர்க்காரர்கள் இருந்தால், அதன் பிறகு கையில் காசு கூடியதா என்று சொல்லுங்கள்.

நண்டுக்கார அக்கா, தேவிபட்டினம் பக்கம்:
தம்பி, எங்கள் ஊருக்கு ரோடு வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அதற்கு முன் அம்மா விடியற்காலை மூன்று மணிக்குக் கரைக்குப் போய், அன்னக்கூடையில் மீனை வாங்கித் தலையில் வைத்து விலக்கு வரை நடப்பார். கூடையிலிருந்து வடியும் தண்ணீர் முதுகில் வழிந்து, சேலையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு நிற்கும். மீன் கூடை என்றால் ஏற்றமாட்டேன் என்று சொல்லும் கண்டக்டரும் உண்டு. முதல் பஸ் போய்விட்டால் அன்றைய மீன் கருவாடுதான்.

ரோடு வந்தால் மீன் வெளியே போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதற்கு முன்னால் ஐஸ் உள்ளே வந்தது. மரத்தூள் போட்டு மூடிய ஐஸ் பாரை லோடு ஆட்டோ கரையிலேயே இறக்கியது. ஐஸ் கையில் இருந்தால், "இந்த விலைக்கு வேண்டாம், மதியம் வரை வைத்திருக்கிறேன்" என்று வியாபாரியிடம் சொல்ல மீன் பிடித்தவருக்கு வாய் வரும். ரோடு எங்களுக்குக் கொடுத்தது அந்த அரை நாள்.

ஆனால் முன்பணம் வாங்கியவருக்கு அந்த வாய் வரவில்லை. வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் பணம் வாங்கினால் பிடிப்பதெல்லாம் அவருக்குத்தான். கமிஷன் போகும், கழிவு என்று எடையிலும் போகும். எங்கள் அப்பா அப்படித்தான் மாட்டியிருந்தார். பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடச் சொன்னதைக் காதால் கேட்டுக்கொண்டே, நண்டை முன்பணம் கொடுத்தவர் தராசில் கொட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து அந்த முன்பணத்தை அடைக்க மூன்று வருஷம் ஆனது. அதன் பிறகுதான் ரோடு எங்கள் வீட்டுக்கு வந்தது என்று சொல்லவேண்டும். உங்கள் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

நஷ்டப்பட்டவர்களையும் மறைக்கக்கூடாது. கருவாட்டுச் சிப்பம் கட்ட எங்கள் பெரியம்மா பனையோலைப் பாய் முடைந்து கொடுப்பார். கரையில் தெர்மாகோல் பெட்டி அடுக்க ஆரம்பித்ததும் அவரிடம் பாய் கேட்டு ஆள் வருவது நின்றுபோனது. அப்புறம், காசுக் கணக்கில் வராத ஒன்று. 108 வண்டி இப்போது வாசல் வரை வருகிறது. பிரசவ வலியில் கட்டிலோடு தூக்கிப்போன ஊர் இது.

பொருளியல் ஆசிரியர்:
அக்கா சொன்னது ஆய்வுகளிலும் தெரிகிறது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ரோடு கிடைத்த ஊர்களை ஆஷர், நோவோசாத் என்ற இருவர் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். பலர் விவசாயக் கூலியை விட்டு வேறு வேலைக்குப் போனார்கள், போக்குவரத்து வசதி கூடியது. ஆனால் விளைச்சலிலோ, வருமானத்திலோ, சொத்திலோ பெரிய மாற்றம் இல்லை. எத்தியோப்பியாவில் 15 கிராமங்களை 1994 முதல் 2004 வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் ரோடு கிடைத்த இடங்களில் வறுமை 6.9 சதவீதப் புள்ளி குறைந்தது, வீட்டுச் செலவின் வளர்ச்சி 16.3 சதவீதம் கூடியது. ரோடு ஒன்றுதான், அது போய்ச் சேரும் ஊரில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது.

பாம்பன்காரன்:
1988இல் ரோட்டுப் பாலம் திறக்கும் வரை எங்கள் தீவுக்கு ரயில் பாலம் மட்டும்தான். லாரி கரைக்கே வந்தபின் மீன் வியாபாரமே வேறாகிவிட்டது. 2017இல் தனுஷ்கோடிக்கு அப்பால் தீவின் நுனியான அரிச்சல்முனை வரை ரோடு போட்டார்கள். 1964 புயலுக்குப் பிறகு அந்த மணலில் ஆட்களை ஏற்றிப்போய்ப் பிழைத்த வேன்காரர்களுக்கு அன்றோடு தொழில் போனது. வருகிறவர்களுக்கு மீன் வறுத்து விற்கும் பெண்களுக்குப் பிழைப்பு வந்தது.

சாயல்குடி மாணவன்:
அக்கா, எங்கள் ஊரில் பாதிப் படகுக்கு மேல் முன்பணத்தில்தான் ஓடுகிறது. அப்படியானால் ஏலக்கூடம்தான் சரியா?

நண்டுக்கார அக்கா, தேவிபட்டினம் பக்கம்:
இல்லை தம்பி, ரோட்டையே கேளுங்கள். ஏலக்கூடம் கட்டினாலும் முன்பணம் வாங்கியவர் மீன் ஏலத்துக்கு வராது. வெளி வண்டியும் ஐஸும் வராத இடத்தில் யார் ஏலம் கேட்பார்கள்? மீன்வளத்துறைக்கு அதைத் தனி மனுவாகக் கொடுங்கள்.

தீர்மானத்தில் "கரை வரை" என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் ரோடு முதலில் கோயிலோடு நின்றுவிட்டது. மிச்ச மணலில் இரண்டு வருஷம் ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றித் தலையில்தான் சுமந்தோம், கரைக்குப் போவதற்குள் பாதி தண்ணீர். ஓடை குறுக்கே வரும் இடத்தில் குழாய்ப் பாலம் வேண்டும் என்பதையும் சேருங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழை ரோட்டை அரித்துக்கொண்டு போகும். காலை ஐந்து மணி பஸ்ஸும் கேளுங்கள், கூடைக்காரப் பெண்களுக்கு அதுதான் ரோடு.

கிராம சபைக்கு முன் எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம் என்று வீடு வீடாக எழுதி எடுங்கள். ஆண்கள் சொல்லத் தயங்குவார்கள், வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். அம்மா எழுதி வைத்த கழிவு, கமிஷன் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாளைக்குக் காலை நண்டு ஏற்றிவிட்டு வந்து பக்கங்களைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். அதே மாதிரி கட்டம் போட்டு எழுதினால் உங்களுக்குச் சுலபம்.