கெமரா வயருக்குள்ள தண்ணி: கழட்டிப் பார்த்தப்போ கண்டது என்ன?

கடலோரவயர்:
கொழும்பு வெள்ளவத்தை, கடல் பக்கம், நாலாம் மாடி. பாதுகாப்புக் கெமரா, கரண்டும் படமும் ஒரே நெட்வேர்க் கேபிளில போற வகை. பகலில சரி, இருட்டினா செத்துப் போகும். இருட்டில பார்க்கிறதுக்கான ஐஆர் (அகச்சிவப்பு) லைட் எரியத் தொடங்கினா கூடக் கரண்ட் இழுக்கும், அதுக்குத் தாங்காத அளவுக்கு இணைப்பு எங்கேயோ நலிஞ்சு போயிருக்கு. கெமராவில இருந்து தொங்குற வால் வயரின்ட மூடியைத் திருகிக் கழட்டினா, ஆர்ஜே45 தலையில (நெட்வேர்க் கேபிள் முனையில இருக்கிற எட்டுப் பின் பிளக்) 4ஆம் 5ஆம் பின் களிம்பேறிப் பச்சை. 7உம் 8உம் புதுசு மாதிரி மினுங்குது! மூடி இருந்தது, உள்ளே போடுற ரப்பர் இல்லை. அது கெமராப் பெட்டிக்குள்ள, பொலித்தீன் பையோட அப்படியே கிடந்தது. நட், ரப்பர், மூடி மூன்றையும் கேபிளில கோர்த்த பிறகுதான் தலையை கிரிம்ப் பண்ணணும், அதாவது நசுக்கிப் பொருத்தணும். மறந்தா தலையை வெட்டித்தான் போடணும். வெட்டப் பஞ்சிப்பட்டிருக்கிறாங்க.

முதலாம்குறுக்கு:
ஏன் 4, 5 மட்டும்?

கடலோரவயர்:
கெமராவுக்குக் கரண்ட் குடுக்கிற நெட்வேர்க் சுவிட்ச், நீல ஜோடியில (4, 5) பிளஸ், பிரவுண் ஜோடியில (7, 8) மைனஸ் அனுப்புற வகை. 48 வோல்ட் டிசி. இடையில உப்புத்தண்ணி பட்டா பிளஸ் பக்கச் செம்புதான் கரையும். பின்னில தங்க முலாம் இருந்தாலும் அது மெல்லிசு, கீறல் ஒண்டு போதும்.

தெகிவளைத்தம்பி:
இவ்வளவு கரைச்சல் எதுக்கு? தலையைச் சுத்தி சிலிக்கோன் அடிச்சு விட்டா முடிஞ்சுது. எங்கட பக்கம் எல்லாரும் அதுதான்.

ஈரப்பதம்:
தம்பி, முடியிறது கெமராவும்தான். ஹார்ட்வெயார் கடையில விலை குறைஞ்ச சிலிக்கோன் பெரும்பாலும் வினாகிரி மணக்கிற வகை. காயும்போது அசெற்றிக் அமிலம் விடும், மூடின இடத்துக்குள்ள செம்பை அதுவே தின்னும். சிலிக்கோன்தான் வேணுமெண்டா மணமில்லாத நியூட்ரல் வகை, அதுவும் சுவர் ஓட்டைக்கு மட்டும். இணைப்புக்கு செல்ஃப் அமல்கமேட்டிங் டேப், பசையில்லாம தன்னோடதானே ஒட்டுற ரப்பர் டேப். மழை நாளில சுத்தாதீங்க, ஈரத்தையே உள்ள வச்சுக் கட்டினதாப் போகும். தலையும் சொக்கெட்டும் காய்ஞ்சிருக்கணும், பின்னில கொஞ்சம் டைஇலெக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத, ஈரத்தைத் தடுக்கிற கிரீஸ்). இணைப்புக்கு 5 சென்ரிமீற்றர் கீழே, கேபிள் தோலில தொடங்கி மேல்நோக்கிச் சுத்துங்க. டேப் கிட்டத்தட்ட இரட்டிப்பு நீளத்துக்கு இழுபடணும், இழுக்காட்டி அது தன்னோட ஒட்டாது. ஒவ்வொரு சுத்தும் முந்தினதில பாதியை மூடணும். கீழிருந்து மேலே ஏன்? கிடுகு வேயிற மாதிரி, மேல் சுத்து கீழ் சுத்துக்கு மேல படுக்கும், தண்ணி வழிஞ்சு போயிடும். அதுக்கு மேல வெயில் தாங்குற கறுப்பு பிவிசி டேப், கடைசிச் சுத்தை இழுக்காம விடுங்க, இழுத்தா சுருண்டு அவிழும். கெமராவுக்குக் கீழே கேபிளில ஒரு தொங்கல் வளைவு, வழியிற தண்ணி அதின்ட அடியில சொட்டிப் போக. சுவர் ஓட்டை வெளிப்பக்கம் சரிஞ்சிருக்கணும். 

கொட்டாஞ்சேனை_மாடி:
தொங்கல் வளைவு எல்லாத்தையும் காப்பாத்தாது, அண்ணா. அது தோலுக்கு வெளியே ஓடுற தண்ணிக்கு மட்டும். இங்க ஒரு மொட்டை மாடியில வளைவு வடிவா இருந்தது, டேப்பும் இருந்தது. ஆனா கீழ் மாடியில நெட்வேர்க் சுவிட்ச்சில கேபிள் செருகுற ஓட்டையில இருந்து சொட்டுச் சொட்டா தண்ணி! பீலிக்குப் பக்கத்தில அடிச்ச கிளிப் ஆணி கேபிள் தோலைக் கீறியிருக்கு. உள்ள போன மழைத்தண்ணி ஜோடிகளுக்கு இடையில இறங்கி, கேபிளே குழாய் மாதிரி வேலை செய்திருக்கு. கெமரா உலர்ந்து கிடக்கு, சுவிட்ச் நனைஞ்சிருக்கு. அப்படி நனைஞ்ச கேபிளைக் காய வைக்கலாம் எண்டு நினைக்க வேணாம், முழு ஓட்டத்தையும் மாத்தணும்.

இன்னொண்டு, அந்தக் கேபிள் வீட்டுக்குள்ள ஓடுற சாம்பல் நிறப் பிவிசி தோல். வெயிலில வெடிக்கும். வெளியே கறுப்பு பொலிஎதிலீன் தோல், முடிஞ்சா தண்ணி இறங்காம உள்ள ஜெல் நிரப்பினது. ஜெல் கேபிளை நேரே சுவிட்ச்சுக்குக் கொண்டு வராதீங்க, வெக்கைக்கு வடியும். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஒரு பெட்டியில முடிச்சு, அங்கிருந்து சாதாரண பட்ச் வயர் (ரெண்டு பக்கமும் தலை போட்ட குட்டைக் கேபிள்). கிரிம்ப் பண்ண முதல் ஒவ்வொரு இழையிலும் ஜெல்லைத் துணியால துடையுங்க. செம்பு பூசின அலுமினிய இழைக் கேபிள் வேணவே வேணாம், ஈரம் பட்டா வெள்ளைத் தூளாகும்.

முதலாம்குறுக்கு:
ஐபி66 பெட்டி (தூசும் பீய்ச்சுற தண்ணியும் போகாத பெட்டி) போட்டா இதெல்லாம் தேவையில்லையே?

ஈரப்பதம்:
பெட்டி ஐபி66, கிளாண்ட் (பெட்டிக்குள்ள கேபிள் நுழையிற இடத்தை இறுக்குற மூடி) எம்20 அளவு, கேபிள் 6 மில்லிமீற்றர். தொளதொளவெண்டு நிக்கும். அந்த இடைவெளியில எறும்பு போய்க் கூடு கட்டி, மண்ணே ஈரத்தைப் பிடிச்சு வச்சிருந்ததைக் கண்டாச்சு. கேபிளுக்கேத்த கிளாண்ட் வாங்கணும்: பிஜி7 அளவு எண்டா ஏறத்தாழ 3 முதல் 6.5 மில்லிமீற்றர் கேபிளுக்கு, பிஜி9 எண்டா 4 முதல் 8. கிளாண்ட் பெட்டியின்ட அடிப்பக்கத்தில, மேல ஒண்டும் வேணாம்.

தெகிவளைத்தம்பி:
சரி, மணந்து பார்த்தேன். வினாகிரிதான். ஏற்கெனவே அடிச்சதை எப்படிக் கழட்டுறது?

கடலோரவயர்:
கழட்டாதீங்க. தலையோட 10 சென்ரிமீற்றர் வெட்டி எறிஞ்சிட்டுப் புதுசு அடியுங்க. இந்த முறை ரப்பரை முதல்ல கோருங்க.