பிரேசிலில் லெஸ்பியன் பெண்களுக்கு ஆகஸ்டு மாதத்தில் இரண்டு நாட்கள் இருப்பது ஏன்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். லெஸ்பியன் பெண்களின் இருப்பைச் சமூகத்தின் கவனத்துக்குக் கொண்டுவருவதற்காகப் பல நாடுகளில் ஏப்ரல் 26ஆம் தேதி கடைப்பிடிக்கப்படுகிறது. பிரேசிலிலோ ஆகஸ்டு 19, ஆகஸ்டு 29 என்று பத்து நாள் இடைவெளியில் இரண்டு நாட்கள் இருப்பதாகப் படித்தேன். கல்லூரிக் கட்டுரை ஒன்றுக்காகக் கேட்கிறேன். இரண்டையும் ஒரே நிகழ்வாகக் கொண்டு எழுதலாமா?

மறுமொழி 1:
கூடாது. இரண்டுக்கும் பின்னணி வேறு. ஆகஸ்டு 19 ஒரு போராட்டத்தின் நினைவு நாள். சாவோ பாவ்லோ நகரின் மையப் பகுதியில் இருந்த ‘ஃபெரோஸ் பார்’ என்ற மதுக்கூடத்தில் லெஸ்பியன் பெண்கள் நெடுங்காலமாகக் கூடிவந்தார்கள். ‘ஷானாகொம்ஷானா’ என்ற சிற்றிதழை நடத்திய பெண்ணியக் குழுவினர், மேசை மேசையாகச் சென்று அதை அங்கே விற்றுவந்தார்கள். கடைக்காரருக்கு இந்தப் பெண்கள் குடிப்பதற்கும் உண்பதற்கும் கொடுக்கும் காசு வேண்டியிருந்தது; அவர்கள் எழுதியது வேண்டியிருக்கவில்லை. விற்பனையைத் தடுத்து, விற்றவர்களை வெளியேற்றினார்கள். 1983 ஆகஸ்டு 19 அன்று, அந்தக் குழுவைச் சேர்ந்த ரோசெலி ரோத் உள்ளிட்டோர் பத்திரிகையாளர்களையும் நகரமன்ற உறுப்பினர் இரேடே கார்டோசோவையும் உடன் அழைத்துக்கொண்டு, வாசலில் இருந்த தடையை மீறி உள்ளே நுழைந்தார்கள். ரோசெலி அங்கிருந்தவர்கள் முன்னிலையில் உரையாற்றினார். இறுதியில் இதழை விற்கலாம் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. 1964இல் தொடங்கிய இராணுவ ஆட்சி அப்போதும் நீடித்தது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்தத் துணிவின் அளவு புரியும். ரோசெலி 1985இல் ஹெபே கமார்கோவின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முகத்தை மறைக்காமல் தோன்றிப் பேசினார். இதை உங்கள் கட்டுரையில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

மறுமொழி 2:
மேலே எழுதியவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் ஆகஸ்டு 29ஐப் பின்னுக்குத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. 1996இல் அதே தேதியில் ரியோ டி ஜெனீரோவில் லெஸ்பியன் பெண்களின் முதல் தேசியக் கருத்தரங்கு தொடங்கியது. அதன் நினைவாகவே அந்த நாள் தேசிய அளவில் கடைப்பிடிக்கப்படுகிறது. சமூகத்தின் பார்வைக்கு வருவது, உடல்நலம், அமைப்பாகத் திரள்வது ஆகியவையே அங்கே விவாதிக்கப்பட்டன. உடல்நலம் என்பது சிறிய விஷயம் அன்று. மகளிர் மருத்துவரிடம் செல்லும் பெண்ணுக்கு ஆண் துணை இருப்பதாகவே எண்ணிக்கொண்டு கேள்விகள் கேட்கப்படும்போது, அவளுக்குத் தேவையான ஆலோசனை கிடைக்காமலே போகிறது. மதுக்கூடத்துச் சம்பவத்தைப் படம்போல விவரிக்க முடியும், கருத்தரங்கை அப்படி விவரிக்க முடியாது; அதனாலேயே பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இந்த நாட்களுக்கு அரசு அங்கீகாரம் எளிதாகக் கிடைத்ததா?

மறுமொழி 1:
ரியோவில் நடந்ததைப் பாருங்கள். லெஸ்பியன் பெண்களுக்கான நாள் ஒன்றை நகரத்தின் அதிகாரபூர்வ நாட்காட்டியில் சேர்க்க வேண்டும் என்று நகரமன்ற உறுப்பினர் மரியெலி ஃபிராங்கோ 2017இல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பெரும் செலவு வைக்கும் திட்டம் அன்று, நாட்காட்டியில் ஒரு வரிதான். அதையும் 19க்கு 17 என்ற வாக்குக் கணக்கில் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 14 அன்று மரியெலியும் அவருடைய கார் ஓட்டுநர் ஆண்டர்சன் கோமெசும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மரியெலியின் வாழ்க்கைத் துணைவியான மோனிகா பெனிசியோ 2020 தேர்தலில் வென்று அதே நகரமன்றத்துக்குச் சென்றார்.

மறுமொழி 2:
அந்த வாக்கெடுப்பை ஆகஸ்டு 29 பற்றிய பகுதியிலேயே சேர்த்து எழுதுங்கள். கருத்தரங்கு நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அது நடந்த அதே ஊரில்தான் அந்த மசோதா தோற்றது.