முடக்குவாதத்திற்குச் சீன மூலிகைக் கஷாயம்: மெத்தோட்ரெக்சேட்டுடன் சேர்த்துக் குடிக்கலாமா?

பேராக்காரி:

வணக்கம். ஈப்போவில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 61. ஈராண்டுகளுக்கு முன் அரசு மருத்துவமனையில் முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டழற்சி) என்று உறுதிசெய்து, அதை அடக்க வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும், துணைக்கு ஃபோலிக் அமிலமும் கொடுத்து வருகிறார்கள். இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்டு. வீக்கம் ஓரளவு வடிந்ததே தவிர, காலையில் எழுந்தால் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும் நிலை மாறவில்லை.

இதைப் பார்த்த பக்கத்து வீட்டுச் சீன அம்மையார், தமக்குப் பழக்கமான சின்சேயிடம் (சீன வைத்தியரிடம்) அம்மாவை அழைத்துப் போனார். அவர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, காற்றும் குளிரும் ஈரமும் மூட்டுகளில் தங்கிவிட்டதாகச் சொல்லி மூலிகைப் பொட்டலங்கள் கட்டிக் கொடுத்தார். கேட்டதும் மறைக்காமல் பெயர்களையும் எழுதித் தந்தார்: தூஹுவோ, சாங்ஜீஷெங், நியூஷி, டாங்குவெய், ஷீஷின், கான்ஸாவ், இவற்றோடு லெய்கொங்தெங். கஷாயத்தை இன்னும் காய்ச்சவில்லை. ஏனென்றால் அதற்குள் என் சித்தி இணையத்தில் வாங்கிய கறுப்பு மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். புட்டியில் சீன எழுத்துகள் மட்டுமே உள்ளன. அம்மா சில வாரங்களாக அதைச் சாப்பிடுகிறார். வலி அடியோடு போய்விட்டது, பசி நன்றாக எடுக்கிறது, முகம்கூடத் தெளிந்து உருண்டையாகிவிட்டது என்று மகிழ்கிறார். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டுக் கஷாயத்தோடும் இந்த மாத்திரையோடும் இருந்துவிடலாமா என்று கேட்கிறார். சீன வைத்தியத்தின் மீது எனக்கு வெறுப்பு ஏதும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிள்ளான் மருந்தாளுநர்:

சகோதரி, கஷாயத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்தக் கறுப்பு மாத்திரை. சில நாள்களில் வலி முற்றிலும் மறைவது, பசி கூடுவது, முகம் உருண்டையாவது ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது ஸ்டீராய்டைத்தான். மூட்டுவலிக்கென்று விற்கப்படும் பதிவில்லாத ‘மூலிகை’ மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுகாதார அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகின்றனர். இது புதிய தந்திரமும் அன்று. 1970களில் அமெரிக்காவில் மூட்டுவலிக்கு ஹாங்காங் மூலிகை மாத்திரைகளைச் சாப்பிட்ட சிலருக்கு இரத்த வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்தன; சோதித்தபோது அந்த மாத்திரைகளில் ஃபினைல்பியூட்டசோன், அமினோபைரின் என்னும் ஆங்கில மருந்துகள் இருந்தன.

ஆனால், பயந்துபோய் இன்றே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்துவந்தால், உடலில் அதை இயல்பாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி உறங்கிப்போகும். திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்து வரலாம். புட்டியோடு நாளைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்பதை அவர்களே முடிவுசெய்ய வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வலி மறைந்தாலும் மூட்டைத் தின்னும் அழற்சி அடங்கிவிட்டது என்று பொருளில்லை.

தோபாயோ வாசகர்:

மருந்தாளுநர் ஐயா சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. இருந்தாலும், பெயர் எழுதிக் கொடுத்த சின்சேயையும் பெயரில்லாத புட்டியையும் வாசகர்கள் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சீன மருத்துவர்கள் பதிவுசெய்துகொண்டே தொழில் செய்ய முடியும். மலேசியாவிலும் பாரம்பரிய மருத்துவத்திற்கென 2016இல் சட்டம் வந்திருக்கிறது. அவர் கொடுத்த பட்டியலில் பெரும்பகுதி ‘தூஹுவோ ஜீஷெங் தாங்’ என்ற பழைய கஷாயத்தின் சரக்குகள். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்னும் மருத்துவரின் நூலில் உள்ள 15 சரக்குக் கஷாயம் அது. நாள்பட்ட இடுப்பு, முழங்கால் வலிக்கு இன்றும் பரவலாகக் கொடுக்கிறார்கள். என் முழங்கால் தேய்மானத்திற்கு நானும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடித்திருக்கிறேன். ஓரளவு இதமாக இருந்தது, அதற்குமேல் உரிமை கொண்டாட மாட்டேன்.

ஆனால் அம்மையே, தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. தேய்மானத்தில் வலியைத் தணித்தாலே பாதி வேலை முடிந்தது. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்குகிறது. அதை அடக்காவிட்டால் விரல்கள் கோணிப்போகும். பட்டியலின் கடைசியில் லெய்கொங்தெங் சேர்ந்திருப்பதைப் பார்த்தால், சின்சேயும் இந்த வேறுபாட்டை அறிந்தே எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி மருந்தாளுநர் ஐயா விளக்கினால் நல்லது.

கிள்ளான் மருந்தாளுநர்:

விளக்குகிறேன். சீன மூலிகைகளில் முடக்குவாதத்திற்கு மெய்யான ஆய்வுப் பின்புலம் கொண்டது என்றால் முதலில் லெய்கொங்தெங்கைத்தான் சொல்ல வேண்டும். 2014இல் வெளியான சீன ஆய்வொன்றில் 207 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, 24 வாரங்களுக்குப் பின் நோய்க்குறிகள் பாதியளவாவது குறைந்தவர்களைக் கணக்கிட்டார்கள். மெத்தோட்ரெக்சேட் மட்டும் பெற்றவர்களில் 46.4 விழுக்காட்டினரும், லெய்கொங்தெங் மட்டும் பெற்றவர்களில் 55.1 விழுக்காட்டினரும், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 76.8 விழுக்காட்டினரும் அந்த அளவை எட்டினர். யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிகளுக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு என்பது அதன் குறை. ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய முடிவு அன்று.

இதைப் படித்துவிட்டு வீட்டில் காய்ச்சத் தொடங்கிவிடாதீர்கள். அந்த ஆய்வில் கொடுத்தது பக்குவப்படுத்திய சாற்று மாத்திரை. பொட்டலத்து வேர் அன்று. இந்தச் செடியின் இலை, பூ, வேர்ப்பட்டை எல்லாமே நஞ்சு. பட்டையை முற்றிலும் சீவி எடுத்த வேரின் உட்பகுதிதான் மருந்தாகும். சரியாகச் சீவியிருக்கிறார்களா என்பதை நறுக்கி உலர்த்திய துண்டுகளைப் பார்த்து நீங்களும் நானும் கண்டுபிடிக்க முடியாது. முறையாகக் கொடுத்தாலும் கல்லீரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள் பாதிக்கப்படலாம். ஆண்களுக்கு விந்தணு குறையலாம், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கலாம். உங்கள் அம்மா அந்த வயதைக் கடந்தவர் என்றாலும் எலும்பு மெலிவு கவலைக்குரியது, அதுவும் ஸ்டீராய்டு ஐயம் இருக்கும்போது. மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலையும் இரத்த அணுக்களையும் பாதிக்கக்கூடியதே. ஆய்வில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்றால், இரத்தப் பரிசோதனையோடு கொடுத்தார்கள்.

மற்றவற்றில் கான்ஸாவ் என்பது நம் அதிமதுரத்தின் இனம்தான். தொடர்ந்து குடித்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஷீஷின் செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருப்பதால், சீன அரசின் மருந்து நூல் 2005 பதிப்பிலிருந்து அதன் வேரை மட்டுமே அனுமதிக்கிறது. அந்த அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கச்செய்து புற்றுநோய்க்கும் வழிவகுப்பது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. ஃபாங்ஜி என்ற பெயரில் ஒரு மூலிகைக்குப் பதிலாக இன்னொன்று வந்து சேர்ந்ததே காரணம். ஃபாங்ஜி மூட்டுவலிக்கும் எழுதப்படுவதால் இதைச் சொல்கிறேன்.

குளுவாங் அத்தை:

மருந்தாளுநர் தம்பி ஒன்றை விட்டுவிட்டார். குளிர்வாதம் என்று சொல்லிச் சுவான்வூ, ஸாவ்வூ எழுதிக் கொடுப்பதும் உண்டு. சித்த மருத்துவத்தில் நாபி என்கிறோமே, அந்த இனம். நன்றாக ஊறவைத்துப் பலமுறை வேகவைத்த பிறகே நஞ்சு குறையும். பக்குவம் தவறினால் உதடும் நாக்கும் மரத்து, சிறிது நேரத்தில் இதயத்துடிப்பு தாறுமாறாகும். அப்படி மரத்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். பொட்டலத்தில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள் மகளே. வெளியே தடவும் கோடாலித் தைலத்தோடு நிறுத்திக்கொள்பவள் நான்.

பேராக்காரி:

எல்லாருக்கும் நன்றி. சின்சேயிடம் தொலைபேசியில் கேட்டேன். நாபி இனம் எதுவும் சேர்க்கவில்லை என்றார். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை அம்மா அவரிடம் சொல்லவே இல்லையாம். தெரிந்ததும், மருத்துவமனையில் பார்க்கும்வரை பொட்டலத்தைத் திறக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். நாளைக் காலை அம்மாவை அழைத்துப் போகிறேன். புட்டியில் பதிவெண் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

கிள்ளான் மருந்தாளுநர்:

மலேசியாவில் பதிவான மருந்தின் மேலட்டையில் ‘எம்ஏஎல்’ (MAL) எனத் தொடங்கும் எண் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் இலக்கங்களை அடுத்து ‘டி’ (T) என்ற எழுத்து வரும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புட்டி, சின்சே எழுதிய பட்டியல், பொட்டலத்தில் ஒன்று, அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வாந்தியோ தலைசுற்றலோ இருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம்.